அயல்துறை ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி?

இயற்பியலில் முதுகலை முடித்த ஒருவர் வரலாற்று ஆய்விதழ் ஒன்றைப் புரட்டினால், முறையியல் எங்கே, தரவு எங்கே, முடிவு எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, இது ஆய்வே அன்று, அடிக்குறிப்புகள் மிகுந்த நீண்ட கட்டுரை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். இலக்கியம் பயின்றவர் கணிதக் கட்டுரையைத் திறந்தால் இரண்டாம் பக்கம் வரைகூடச் செல்வதில்லை. இவ்விருவருக்கும் தடையாக இருப்பவை கலைச்சொற்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கலைச்சொல் தடைதான் என்றாலும், நல்ல அகராதியும் கலைக்களஞ்சியமும் கையில் இருந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். எளிதில் குறையாதது வேறொன்று. எதைக் காட்டினால் ஒரு கூற்று நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம் என்பதில் துறைக்குத் துறை வேறுபாடு உண்டு. தம் துறையின் அளவுகோலைப் பிற துறையின் மீது வைத்துப் பார்ப்பவர், அங்குள்ள வலுவான ஆய்வைப் பலவீனமானதென்றும் பலவீனமானதை வலுவானதென்றும் எண்ணிவிடுகிறார்.

ஆகவே, பழக்கமில்லாத துறையின் கட்டுரையைக் கையில் எடுத்ததும், இது உண்மையா என்று கேட்பதற்கு முன், இத்துறையினர் எதைச் சான்றாக ஏற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியை முதலில் படிப்பது, எந்த எண்ணை உற்றுநோக்குவது, எதைத் தாண்டிச் செல்வது என்பதெல்லாம் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமையும்.

துறையின் பெயரைவிட வேலையின் வகை முக்கியம்

அறிவியல் புலம், கலைப்புலம் என்ற பிரிவு பல்கலைக்கழக நிர்வாகத்துக்குப் பயன்படலாம்; வாசகருக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் எதனால் அழிந்தன என்று ஆராயும் நிலவியலாளரால் அந்த அழிவை மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடியாது. லூயிஸ் அல்வரெஸ், அவருடைய மகன் வால்டர் அல்வரெஸ் உள்ளிட்ட நால்வர் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தாலியின் குப்பியோ ஊருக்கு அருகே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவில் இருந்த மெல்லிய களிமண் படிவில் இரிடியம் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதைக் காட்டினர். புவியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் கூடுதலாகவும் காணப்படும் தனிமம் அது என்பதால், விண்கல் மோதலே அழிவுக்குக் காரணம் என்று வாதிட்டனர். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் புதையுண்டிருந்த சிக்சுலூப் பெரும்பள்ளம் 1991-இல் இந்த மோதலோடு இணைத்துக் காட்டப்பட்டபோது வாதம் பன்மடங்கு வலுப்பெற்றது. இவ்வேலை, ஒரே வினையைப் பலமுறை செய்து பார்க்கும் வேதியியலாளரின் வேலையைவிட, எஞ்சிய ஆவணங்களைக் கொண்டு நடந்ததை மீட்டெடுக்கும் வரலாற்றாய்வாளரின் வேலைக்கே நெருக்கமானது.

எனவே கட்டுரையாசிரியர் உண்மையில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். தர்க்கத்தால் ஒன்றை நிறுவினாரா, தாமே ஒரு சோதனையை நடத்தினாரா, தானாக நடந்த ஒன்றை அளந்தாரா, தடயங்களிலிருந்து கடந்ததை மீட்டாரா, மனிதர் சொன்னவற்றுக்கும் எழுதியவற்றுக்கும் பொருள்கொண்டாரா? ஒரே கட்டுரையில் இவற்றில் இரண்டு மூன்று கலந்திருப்பதும் உண்டு. அகழாய்வு அறிக்கை ஒன்றில் மண்ணடுக்கு விவரம் ஒருவருடையது, காலக்கணிப்பு இயற்பியல் ஆய்வகத்தினுடையது, பானையோட்டு எழுத்தின் வாசிப்பு கல்வெட்டியலாளருடையது என்று இருக்கும்போது, ஒவ்வொன்றையும் அதனதன் அளவுகோலால் மட்டுமே எடைபோட முடியும்.

சோதனை நடத்தும் துறைகள்

மருத்துவம், உளவியல், உயிரியல் ஆகியவற்றின் கட்டுரைகள் பெரும்பாலும் அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசையில் அமைந்திருக்கும். அந்த வரிசையிலேயே படிப்பது நல்லதன்று. சுருக்கத்தைப் படித்தபின் நேராக அட்டவணைகளுக்கும் வரைபடங்களுக்கும் சென்று, அவற்றிலிருந்து நாமாகவே ஒரு முடிவை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு முறைப் பகுதியைப் படித்து, விவாதத்தைக் கடைசியில் படிப்பதே பயன் தரும். சுருக்கத்திலும் விவாதத்திலும் ஆசிரியர் நம்மை இணங்கவைக்க முயல்கிறார். முறைப் பகுதியிலும் அட்டவணையிலும்தான் அவர் செய்தது என்ன என்பது தெரியும். பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் சுருக்கத்தின் கடைசி வரியை எடுத்துக்கொண்டு எழுதப்படுபவை என்பதையும் நினைவில் வைக்கலாம்.

முறைப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது, எவருக்கு எந்தச் சிகிச்சை என்று யார் முடிவு செய்தார்கள் என்பது. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு 1948-இல் வெளியிட்ட காசநோய் ஆய்வு இதற்கு நல்ல பாடம். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து யாருக்கு, படுக்கை ஓய்வு மட்டும் யாருக்கு என்பதை மருத்துவர்கள் தீர்மானிக்கவில்லை. தற்செயல் எண்களைக் கொண்டு முன்பே தயாரித்து ஒட்டிவைத்த உறைகள் தீர்மானித்தன. பிழைக்கக்கூடியவர் என்று மருத்துவர் கருதும் நோயாளிக்கே புதிய மருந்து போய்ச்சேரும் சாய்வை இது தடுத்தது. மொத்தம் 107 நோயாளிகள்தான். மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் ஆறு மாதத்துக்குள் இறந்தனர். விளைவு பெரிதாக இருந்து ஒதுக்கீடும் ஒழுங்காக நடந்திருந்தால், சிறிய எண்ணிக்கையே போதுமானதாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட ஆய்வாயினும் தாமாகவே ஒரு பழக்கத்தைத் தேர்ந்துகொண்டவர்களை மட்டும் பின்தொடர்ந்திருந்தால், அந்தப் பழக்கமே விளைவுக்குக் காரணம் என்று சொல்ல இன்னும் பல சான்றுகள் தேவைப்படும்.

அடுத்து, எதை அளந்தார்கள் என்பது. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது மரணத்தோடு தொடர்புடையது என்பதால், அதைச் சீராக்கும் மருந்துகள் உயிரைக் காக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் நம்பினர். என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு என்ற மருந்துகள் துடிப்பைச் சீராக்கவும் செய்தன. ஆனால் அமெரிக்காவில் நடந்து 1989-இல் முதல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இம்மருந்துகளை உட்கொண்டவர்களே கூடுதலாக இறந்தது தெரியவந்தது. இரத்தப் பரிசோதனை எண், படம்பிடிப்பில் தெரியும் மாற்றம், மதிப்பெண் அட்டவணை போன்ற இடைநிலை அளவீடு மேம்பட்டது என்று கட்டுரை சொன்னால், நோயாளிக்கு அதனால் ஆன நன்மை என்ன என்று தனியே கேட்க வேண்டும். எலியில் கண்ட முடிவு மனிதருக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஆயினும் கட்டுரையின் தலைப்பில் எலி என்ற சொல் இல்லாமல் போவது உண்டு, முறைப் பகுதியில்தான் அது தலைகாட்டும்.

மருத்துவ ஆய்வுகளில் பலரும் பயன்படுத்தாத ஒரு வசதி உண்டு. முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு 2005 முதல், ஆய்வு தொடங்கும்போதே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யப்படாத சிகிச்சைச் சோதனைகளை வெளியிடுவதில்லை என்ற விதியை வைத்திருக்கிறது. சுருக்கத்தின் இறுதியில் இருக்கும் பதிவெண்ணை எடுத்துப் பதிவேட்டில் தேடினால், எதை முதன்மை விளைவாக அளப்போம் என்று அவர்கள் முன்கூட்டி அறிவித்தார்கள் என்பது தெரியும். கட்டுரையில் முதன்மையாகப் பேசப்படுவது வேறொன்றாக இருந்தால், காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிவித்த அளவீட்டில் ஒன்றும் கிடைக்காமல், கிடைத்ததை முன்னே நிறுத்தியிருக்கலாம்.

எண்களைப் பொறுத்தவரை இரண்டு பழக்கங்கள் போதும். முதலாவது, சதவீதக் குறைவு என்று சொல்லப்படும்போது எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று பார்ப்பது. ஆயிரம் பேரில் இருவருக்கு வந்த நோய் ஒருவருக்கு மட்டும் வந்தாலும், ஆயிரம் பேரில் 400 பேருக்கு வந்தது 200 பேருக்கு வந்தாலும், இரண்டுமே 50 சதவீதக் குறைவுதான். முன்னதில் ஒருவருக்கு நன்மை கிடைக்க ஆயிரம் பேர் மருந்து உண்ண வேண்டும். பின்னதில் ஐந்து பேர் உண்டால் போதும். இரண்டாவது, பி-மதிப்பை அதற்குரிய இடத்தில் வைப்பது. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவை ஏற்கலாம் என்ற எல்லை இயற்கை விதித்ததன்று. ரொனால்டு ஃபிஷர் 1920-களில் வசதி கருதிப் பரிந்துரைத்தது. பி-மதிப்பு 0.03 என்றால் கருதுகோள் பொய்யாக இருக்கும் வாய்ப்பு 3 சதவீதம் என்று பொருளன்று. விளைவு எதுவும் இல்லாத நிலையிலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்ற 3 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். இக்குழப்பம் பரவலாக இருந்ததால் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015-இல் வெளியிட்ட கூட்டுமுயற்சியில், மூல ஆய்வுகளில் 97 சதவீதம் இந்த எல்லைக்குக் கீழே வந்திருக்க, மறுசோதனைகளில் 36 சதவீதமே வந்தன. ஆகவே இத்துறைகளில் ஒற்றை ஆய்வைப் படித்து எதையும் முடிவுகட்டாமல் இருப்பதே முறை.

துகள் இயற்பியல் இதே புள்ளியியலைக் கொண்டு வேறொரு கண்டிப்பை வைத்திருக்கிறது. அங்கே மூன்று சிக்மா (தற்செயலான ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு) அளவுக்குக் கிடைத்தால் சான்று என்றும், ஐந்து சிக்மா அளவுக்குக் கிடைத்தால் மட்டுமே கண்டுபிடிப்பு என்றும் சொல்வார்கள். பின்னது தற்செயலாக நிகழ ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. ஹிக்ஸ் துகள் பற்றி ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2012 ஜூலை 4 அன்று அறிவித்தது இந்த அளவை எட்டியபின்னரே. ஆயிரக்கணக்கான இடங்களில் தேடும்போது தரவு வரைபடத்தில் ஏதோ ஓரிடத்தில் மேடு தெரியத்தான் செய்யும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். 2015 டிசம்பரில் பெரும் பரபரப்பை உண்டாக்கிய ஒரு மேடு, கூடுதல் தரவு சேர்ந்ததும் 2016 ஆகஸ்டுக்குள் மறைந்துபோனது.

ஆனால் சிக்மா எவ்வளவு கூடினாலும் கருவியின் பிழையை அது காட்டிக்கொடுக்காது. நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்துசேர்ந்தன என்று ஓப்பெரா குழு 2011-இல் அறிவித்தபோது புள்ளியியல் வலு ஆறு சிக்மாவாக இருந்தது. சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை இணைப்பே முதன்மைக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. இயற்பியல் அளவீட்டுக் கட்டுரையில் முதலில் தேட வேண்டியது, கருவியாலும் முறையாலும் வரக்கூடிய பிழைகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டுக் காட்டும் அட்டவணையை.

கணிதம்

கணிதக் கட்டுரையின் அறிமுகத்தில் முதன்மைத் தேற்றம் முழுமையாகச் சொல்லப்பட்டுவிடும். அதையும், அதற்கு முன்பு என்ன தெரிந்திருந்தது என்ற பத்தியையும், கொடுக்கப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டுகளையும் படித்துவிட்டு நிறுவலைத் தாண்டிச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணிதவியலாளர்களே பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை நிபந்தனைகள். ரீமான் கருதுகோள் மெய்யெனக் கொண்டால் என்று தொடங்கும் தேற்றம், அந்தக் கருதுகோள் நிறுவப்படும்வரை தொங்கலில் நிற்பது. நிறுவல் சரிதானா என்பதை வெளியார் சோதிக்க முடியாது என்பதால், துறையினர் சோதித்து முடித்துவிட்டார்களா என்றுதான் பார்க்க வேண்டும். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993-இல் அறிவித்தபின் அதில் ஓர் இடைவெளி தெரிந்தது; ரிச்சர்டு டெய்லரோடு சேர்ந்து 1994-இல் அதை அடைத்து, 1995-இல் வெளியிட்டார். தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் அளித்த கெப்ளர் ஊகத்தின் நிறுவல் பெருமளவு கணினிக் கணக்கீட்டைச் சார்ந்திருந்ததால் மதிப்பீட்டாளர்கள் 99 சதவீத உறுதியோடு நின்றுவிட்டார்கள். கட்டுரை 2005-இல் வெளிவந்தது, ஒவ்வோர் அடியையும் கணினியே சரிபார்த்த முறைசார் நிறுவல் 2014-இல்தான் முடிந்தது.

தானாக நடந்ததை அளப்பவை

பொருளியலாளரால் ஒரு நாட்டைச் சோதனைக்குழாயில் போட முடியாது. ஆகவே சட்டமோ எல்லைக்கோடோ விபத்தோ தற்செயல் ஒதுக்கீட்டைப் போன்ற ஒரு நிலையை உண்டாக்கிய இடங்களைத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியது. பக்கத்திலிருந்த பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் இருவரும் எல்லையின் இருபுறமும் உள்ள துரித உணவகங்களில் வேலைவாய்ப்பு முன்பும் பின்பும் எப்படி மாறியது என்று ஒப்பிட்டு, ஊதிய உயர்வு வேலைகளைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்று 1994-இல் எழுதினர். தொலைபேசி வழியாகத் திரட்டிய தரவுக்குப் பதிலாக ஊதியப் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்ட வேறு இருவர் இதை மறுத்தனர். விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. கார்டு 2021-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வகைக் கட்டுரையின் உயிர்நிலை ஒரே ஒரு அனுமானத்தில் இருக்கிறது. இங்கே அது, சட்டம் வராமல் இருந்திருந்தால் இரு மாநிலங்களும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்பது. சமன்பாடுகளில் சிக்கிக்கொள்ளாமல், அந்த அனுமானம் எது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பதே வாசகரின் முதல் வேலை. அதன்பின், மாற்றத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இரு தரப்பும் உண்மையிலேயே இணையாகச் சென்றனவா என்று காட்டும் வரைபடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லாவிட்டால் மற்ற நாற்பது பக்கங்களும் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் ஐயம் தீராது.

தடயங்களிலிருந்து மீட்பவை

தொல்லியல் கட்டுரைகளில் 2450 ± 30 என்பதுபோல ஒரு கரிமக் காலக்கணிப்பு எண் இருக்கும். கரிமம்-14 அணுக்கள் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5730 ஆண்டுகள் ஆகும் என்ற அடிப்படையில், 1940-களின் இறுதியில் வில்லர்டு லிபியின் குழு உருவாக்கிய முறை இது. இந்த எண்ணைப் பார்த்ததும் இன்றைய ஆண்டிலிருந்து கழித்துவிடக் கூடாது. இக்கணக்கில் இன்று என்பது 1950-ஆம் ஆண்டு என்பது மரபு. ± என்ற எல்லைக்குள் உண்மையான அளவீடு இருப்பதற்கு ஏறத்தாழ 68 சதவீத வாய்ப்பே உண்டு. வளிமண்டலத்தில் கரிமம்-14-இன் அளவு காலந்தோறும் மாறியிருப்பதால், மர வளையங்கள் முதலியவற்றைக் கொண்டு வரைந்த திருத்த வளைகோட்டின் வழியாகத்தான் நாட்காட்டி ஆண்டைப் பெற வேண்டும். அந்த வளைகோடு கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே மேற்சொன்ன எண்ணைத் திருத்தினால், மூன்று நூற்றாண்டுக்கு மேல் அகலமுள்ள ஓர் இடைவெளியே கிடைக்கும். அதில் மிகப் பழைய முனையை மட்டும் எடுத்துத் தலைப்புச் செய்தியாக்குவது எளிது, சரியன்று.

எண்ணைவிட முக்கியமானது மாதிரி. நெல் மணி போன்ற ஒரு பருவத்தில் விளைந்து முடியும் பொருள் நம்பகமானது. மரக்கரியில், எரிக்கப்பட்ட நாளுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே வளர்ந்து முடிந்த உள்வளையங்கள் இருக்கக்கூடும். மாதிரி எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருளோடு சேர்ந்து, குலையாத நிலையில் கிடைத்ததா என்ற விவரத்தைக் கட்டுரை தராவிட்டால், ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் அந்தக் காலம் அந்தக் கரித்துண்டுக்கு மட்டுமே உரியது.

பழைய நூல்களின் மூலபாட ஆய்விலும் இதே தடயத் தருக்கம்தான் நடக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி போன்ற பதிப்புகளுக்குப் பின்னால், பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைத் தேர்ந்த வேலை இருக்கிறது. ஏட்டில் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எழுதியவர் அறியாமலே ஒரு சொல் வேறொன்றாக வாசிக்கப்பட இவ்வளவு வாயில்கள். இத்துறைக் கட்டுரையைப் படிக்கும் அறிவியல் மாணவர், பத்துச் சுவடிகளில் எட்டு ஒரு பாடத்தைச் சொன்னால் அதுவே சரி என்று பெரும்பான்மை பார்க்கத் தலைப்படுவார். அந்த எட்டும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டவையாக இருந்தால் அவை அனைத்தும் ஒரு சாட்சிதான். சுவடிகள் ஒன்றுக்கொன்று எவ்வழி உறவுடையவை என்பதைக் காட்டியிருக்கிறாரா, கடினமான பாடம் எப்படி எளிய பாடமாகத் திரிந்திருக்க முடியும் என்பதற்கு விளக்கம் தருகிறாரா என்பவையே இங்கே கேட்க வேண்டிய கேள்விகள்.

மொழி வரலாற்று ஆய்வுகளைப் படிப்போர் இன்னும் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். தமிழில் பால், பத்து, பல், பூ என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹல்லு, ஹூவு என்று இருக்கின்றன. மொழி முதல் பகரம் அங்கே ஹகரமாக ஒழுங்காக மாறியிருக்கிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருந்ததும் பதிவாகியிருக்கிறது. உறவைக் காட்டுவது இந்த ஒழுங்குதான், ஒலியொற்றுமை அன்று. ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் கெட்டது என்ற பொருளில் ஒரே ஒலியுடைய சொல் இருக்கிறது, இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒத்தொலிக்கும் சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு, எந்த ஒலி எந்த ஒலியாக எச்சூழலில் மாறும் என்ற விதியைச் சொல்லாத கட்டுரையை, அது எந்த மொழிக்குப் பெருமை சேர்ப்பதாக இருந்தாலும், ஆய்வாகக் கொள்ள முடியாது. சமூக ஊடகங்களில் உலவும் சொல்லாராய்ச்சிகளில் பல இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

சொல்லின் காலத்தைக் கொண்டு ஆவணத்தின் காலத்தைப் பிடிக்கவும் முடியும். பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டில் மேற்குலக ஆட்சியைப் போப்பாண்டவருக்கு வழங்கியதாகச் சொன்ன பட்டயத்தை லொரென்சோ வல்லா 1440-இல் ஆராய்ந்து, அதிலுள்ள இலத்தீனும் பதவிப் பெயர்களும் அக்காலத்தில் வழங்கியிருக்க முடியாதவை என்று காட்டி, அது போலி என்று நிறுவினார்.

பொருள்கொள்ளும் துறைகள்

வரலாறு, மானிடவியல், இலக்கியத் திறனாய்வு ஆகியவற்றில் கட்டுரையின் மையக் கூற்று முன்னுரையின் இறுதியில் இருக்கும். அதுவும் பெரும்பாலும் முந்தைய ஆய்வாளர் ஒருவருக்கு மறுப்பாக அமைந்திருக்கும். யாரோடு வழக்காடுகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் படித்தால், வெறும் விவரிப்பாகவே தோன்றும். அதன்பின் கட்டுரையின் உடற்பகுதியைப் படிப்பதற்கு முன் அடிக்குறிப்புகளை ஒருமுறை பார்வையிடுவது நலம். ஆவணக்காப்பகம், கோப்பு எண், கல்வெட்டுத் தொகுதி, கடிதத்தின் நாள் என்று அவை மூலங்களைச் சுட்டுகின்றனவா, பிறர் நூல்களையே திரும்பத் திரும்பச் சுட்டுகின்றனவா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எளிதில் கிடைக்கும் ஒரு மூலத்தை எடுத்து, ஆசிரியர் மேற்கோள் காட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்துப் பார்த்தால், அவர் மேற்கோளை வெட்டிய விதமும் புலப்படும். ஆவணத்தை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், யாருடைய குரல் அதில் ஏறவே இல்லை என்பதை ஆசிரியர் கணக்கில் எடுத்திருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. வரி வசூலிக்க வந்தவர் எழுதிய குறிப்பு வரி கட்டியவரின் மனநிலைக்கு நேரடிச் சான்றாகாது.

மானிடவியலில் ஒரே ஊரை மட்டும் பார்த்து எழுதியதைக் குறையாகச் சொல்வது பிற துறையினரின் வழக்கம். பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1915-க்கும் 1918-க்கும் இடையில் டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அன்றாட வாழ்வை உடனிருந்து பார்த்தது முதல், நீண்ட தங்கலே அத்துறையின் சான்றாக நிலைபெற்றது. எத்தனை பேர் இப்படிச் செய்கிறார்கள் என்று எண்ணுவது அங்கே நோக்கமன்று. ஒரு வழக்கம் அம்மக்களுக்கு எப்படிப் பொருள்படுகிறது, எப்படி இயங்குகிறது என்று காட்டுவதே நோக்கம். ஆகவே எவ்வளவு காலம் தங்கினார், மொழி தெரியுமா, மொழிபெயர்ப்பாளரை நம்பினாரா, யாரிடமெல்லாம் பேசினார் என்று கேட்க வேண்டும். அந்த ஊரை வைத்து மனிதகுலம் முழுவதற்கும் விதி வகுக்கத் தொடங்கினால் மட்டுமே எண்ணிக்கைக் கேள்வி எழுகிறது.

கட்டுரைக்கு வெளியே பார்க்க வேண்டியவை

ஆசிரியர் பெயர் வரிசையும் துறைக்குத் துறை மாறும். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் முதற்பெயர் பெரும்பான்மை வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் பொதுவாக ஆய்வகத் தலைவருடையது. கணிதத்தில் அகர வரிசை என்பதால் முதற்பெயருக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வெளியான கட்டுரையில் 5154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களும் நிறுவனங்களுமே. வரலாற்றில் தனியொருவர் பெயரே பெரும்பாலும் இருக்கும். மேற்கோள் எண்ணிக்கையும் இப்படித்தான். மூலக்கூறு உயிரியலில் சாதாரணமாகக் கருதப்படும் எண் கல்வெட்டியலில் யாரும் எட்டாத உயரமாக இருக்கும். துறை கடந்து இவற்றை ஒப்பிடுவதில் பொருளில்லை.

சக அறிஞர் மதிப்பீடு நடந்தது என்றால், பொதுவாக இரண்டு மூன்று பேர் கட்டுரையைப் படித்து ஏற்கத்தக்கது என்றார்கள் என்று பொருள். சோதனையை அவர்கள் திரும்பச் செய்து பார்க்கவில்லை, மூலத் தரவைக்கூடப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ் தளத்திலும், உயிரியலுக்கு 2013-இலும் மருத்துவத்துக்கு 2019-இலும் வந்த அதுபோன்ற தளங்களிலும் உள்ள முன்வெளியீடுகள் இந்த மதிப்பீட்டுக்கும் முந்தையவை. இயற்பியலிலும் கணிதத்திலும் இவற்றைப் படிப்பது அன்றாட நடைமுறை. மருத்துவத்தில் இவற்றை நம்பி எதையும் செய்வது ஆபத்தானது. எந்தத் துறையாயினும் எத்தனையாவது திருத்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பப் பெறப்பட்டதா என்பதைச் சோதிக்க இதழின் சொந்தத் தளத்தில் கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால் போதும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய, வெறும் 12 குழந்தைகளைக் கொண்ட கட்டுரை 1998-இல் லான்செட்டில் வெளியாகி, 2010-இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. இடையே வேறிடங்களில் சேமிக்கப்பட்ட படிகளில் அந்த அறிவிப்பு இருக்காது.

தொடக்கத்தில் ஒற்றைக் கட்டுரையைவிட அத்துறையின் மீள்பார்வைக் கட்டுரை ஒன்றைத் தேடிப் படிப்பது நேரத்தைச் சேமிக்கும். மருத்துவத்தில் 1993-இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் இதற்கென்றே உள்ளன. கலைப்புலங்களில் முக்கிய ஆய்வுகள் நூலாக வெளிவருவதால், அந்நூலுக்கு வேறு வேறு இதழ்களில் வந்த இரண்டு மூன்று மதிப்புரைகளைச் சேர்த்துப் படிக்கலாம். அவை எங்கெல்லாம் முரண்படுகின்றன என்பது நூலின் பலவீனமான இடத்துக்கு வழிகாட்டும். கட்டணச் சுவரால் கட்டுரை கிடைக்காவிட்டால் ஆசிரியரின் நிறுவனப் பக்கத்திலோ முன்வெளியீட்டுத் தளத்திலோ தேடலாம், அவருக்கே மின்னஞ்சல் எழுதியும் கேட்கலாம். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

படித்து முடித்ததும், அக்கட்டுரையை மேற்கோள் காட்டிய பின்னாளைய கட்டுரைகளைத் தேடுபொறியில் வரிசைப்படுத்தி, மறுத்து எழுதியவற்றை முதலில் திறக்க வேண்டும். எவ்வளவு பின்னோக்கிச் செல்வது என்பதும் துறையைப் பொறுத்ததே. மருத்துவச் சிகிச்சை பற்றியதாயின் பத்தாண்டுக்கு முந்தைய கட்டுரையைப் புதிய தொகுப்பாய்வோடு ஒப்பிடாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. கணிதத்தில் நூறாண்டுக்கு முன் நிறுவிய தேற்றம் அப்படியே பயன்படும். கல்வெட்டியலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசிப்பைத் தள்ளிவிடாமல், அதே கல்வெட்டின் பிற்கால வாசிப்போடு எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அன்று தெரிந்த சில வரிகள் இன்று கல்லில் சிதைந்திருக்கக்கூடும்.